நான்கு கதவுகளும் கழன்ற காலை

காலை ஒன்பதரைக்கு, வாசல் கதவைத் தவிர வீட்டில் ஒரு கதவும் நிலையில் இல்லை.

நான்கையும் கழற்றிப் பின்முற்றத்தில் சாய்த்திருந்தார் தச்சர். அவர் மனைவி ஈரத்துணியோடு கூடத்தில் நின்று பார்த்தாள். சமையலறையிலிருந்து குளியலறைவரை பார்வை தடையில்லாமல் போனது.

"என்னங்க இது?"

"அடி தட்டுது, அடி தட்டுதுன்னு பதினேழு வருஷமா சொன்னியே."

"பதினேழு வருஷத்துல இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா? ஒரு கதவோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"ஒண்ணை இழைச்சா மத்த மூணும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

போன வாரம் வீடு பார்க்க வந்தவர் படுக்கையறைக் கதவை இழுத்தார். அது தரையில் கீச்சிட்டுப் பாதியில் நின்றது. "தச்சர் வீடுன்னுதானே சொன்னீங்க?" என்று தரகரிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவருக்கு அது சுருக்கென்று தைத்திருந்தது.

அவளுடைய கவலை, அவர்கள் வாங்க நினைத்திருந்த தெருக்கோடி வீடு. பின்னால் பட்டறைக்கு இடம் உண்டு. குழம்பில் மரத்தூள் விழாத சமையலறை. அந்த வீட்டுக்காரர் இன்று மாலைவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் வேறு ஆள் தயார். இந்த வீட்டை யாராவது வாங்கிக்கொண்டால்தான் அதற்குச் சரி சொல்ல முடியும். வந்து பார்த்த ஐந்து பேரும் "சொல்றோம்" என்று போனவர்கள். ஆறாவது ஆள் பன்னிரண்டு மணிக்கு.

போன் அடித்தது. தரகர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் எல்லாப் பெண்களும் அவருக்கு அக்காதான்.

"அக்கா, அவங்க பத்து மணிக்கே வர்றாங்க. கிளம்பியாச்சு."

அவள் பின்முற்றத்துக்கு ஓடினாள்.

"மாட்டுங்க, மாட்டுங்க!"

"கீலெல்லாம் இத்துப்போச்சு. புதுசு வாங்கணும்."

"பழசையே மாட்டுங்க."

"திருகு பிடிக்காதுடி."

"பசை போட்டு ஒட்டுங்க!"

தச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கதவைப் பசை போட்டு ஒட்டச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

கதவுகள் போனதும்தான் தெரிந்தது, கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருந்திருக்கிறது என்று. அவருடைய ஆறு சட்டைகள், இரண்டு குடைகள், இஸ்திரிப் பலகை, கிழிந்த பை ஒன்று, அதற்குள் இன்னும் ஏழு பைகள். எல்லாவற்றையும் போர்வையில் மூட்டை கட்டி மதிலுக்கு அப்பால் நீட்டினாள்.

"என்னம்மா இது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கேக்காதீங்கண்ணே. பிடிங்க."

மூச்சு வாங்கியது. பயமாக இருந்தது, அதைவிட, ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்போல் இருந்தது. கதவில்லாத வீட்டில் காற்று குறுக்கும் நெடுக்கும் ஓடியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கார் நின்றது. தரகர் பின்னிருக்கையிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை எடுத்து விரித்தார். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் அதில் மாறி உட்கார்ந்தார். கணக்கு டீச்சர். தரகர் தள்ள வந்தபோது, "கையை எடுங்க சார், வண்டி என்னுது," என்றார்.

உள்ளே வந்ததும் தரகரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "அக்கா, கதவு எங்க?" என்று கிசுகிசுத்தார்.

"குளிக்கப் போயிருக்கு."

டீச்சர் யாரையும் கேட்கவில்லை. படுக்கையறைக்குள் போனார். திரும்பினார். சமையலறை. அடுத்த அறை. குளியலறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தார். சக்கரம் எந்தக் கதவு நிலையிலும் தட்டவில்லை.

"ஒன்பது வீடு பார்த்துட்டேன்," என்றார். "எல்லாத்துலயும் ஹாலோட சரி. இங்கதான் குளியலறையைக் கண்ணால பார்க்கிறேன்."

அவளுக்குத் தெருக்கோடி வீடு பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

"கதவு மாட்டினா இடிக்கும்," என்றார் தச்சர்.

தரகர் இருமினார்.

"திறந்து வச்சாலும் கதவோட கனம் நிலைக்குள்ள வந்துடும். ஒன்றரை அங்குலம். உங்க சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு விரல் இடம்தான் இருக்கு."

அவள் கணவரைப் பார்வையாலேயே சுட்டாள். ஆனால் அந்த ஒரு விரலை அவளும் கவனித்திருந்தாள். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வந்துவிட்டது.

"அப்போ கதவில்லாம குளிக்கச் சொல்றீங்களா?" என்றார் டீச்சர்.

"பக்கவாட்டுல ஓடுற கதவு போடலாம். சுவருக்கு வெளியே. இந்தக் கதவுகளையே போடலாம், மேல ஒரு கம்பி, கீழ ஒண்ணும் வேண்டாம். ஒரு விரலால தள்ளலாம்." சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "இதோ, இங்கேருந்து…" கூடத்துச் சுவரில் இரண்டடி நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தார்.

"என்னங்க! சுவர்! முந்தாநாள்தான் வெள்ளை அடிச்சேன்!"

டீச்சர் கையை உயர்த்தினார்.

"வரையட்டும்மா. என் சுவர்தானே."

தரகருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அவளுக்கு உடனே புரிந்தது. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அவசரத்தில் இரண்டு முறை வேறு யாரையோ அழைத்துத் துண்டித்தாள். மூன்றாவது முறை தெருக்கோடி வீட்டுக்காரருக்குச் சரியாக மணி அடித்தது.

"அண்ணே, நாங்கதான். சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? இப்பவே வர்றோம்."

கூடத்தில், கோடு சாய்ந்திருக்கிறது என்று டீச்சர் தச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.