ஐந்தாவது கிணற்றுத் தண்ணீர்

செங்கல்பட்டில் அறிவியல் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது, அந்தப் பள்ளியில் ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டவள் சுந்தரவல்லி ஒருத்திதான். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஜூலை மாதம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி அது. திருக்கழுக்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்பது வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தாள். சோதனைக் குழாயைக் கரும்பலகையில் படமாக வரைந்தே பாடம் நடத்தி அவளுக்கே சலித்துப் போயிருந்தது.

பயிற்சி முடிந்ததும் அவள் கையில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்கிற பெட்டி. தண்ணீரில் மஞ்சள் மருந்து இரண்டு சொட்டு விட வேண்டும். பிறகு இன்னொரு குப்பியிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிக்கொண்டே வர வேண்டும். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் எப்போது வருகிறதோ அதுதான் கணக்கு. ஐம்பது சொட்டைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை.

வருகிற நவம்பரில் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, குப்பத்தின் ஏழு கிணறுகளையும் சோதிப்பது என்று சுந்தரவல்லி முடிவு செய்தாள். சனிக்கிழமை தோறும் போனார்கள். சொட்டு எண்ணுகிற வேலையை அம்சாவிடம் கொடுத்தாள். மீன் கூடை சுமக்கிற முனியம்மாவின் மகள். கை நடுங்காது, பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை தவறாது.

ஐந்தாவது கிணறு அம்சாவின் தெருவில் இருந்தது. தெரு முடிந்ததும் இறால் பண்ணையின் கரை ஆரம்பமாகிவிடும். குட்டைகளில் கடல்நீரை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று பெண்கள் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாக்கில் கரிப்பதை எந்த ஆபீஸில் போய்க் காட்டுவது?

அன்றைக்கு நாற்பது சொட்டு விட்டும் நிறம் மாறவில்லை. அறுபதிலும் மாறவில்லை. மற்ற பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எழுபத்தி ஒண்ணு!" என்று அம்சா கத்தினாள். "டீச்சர், செவந்துகினு வர்து பாருங்க!"

"இன்னொரு தடவை பார்த்துடலாமா?"

இரண்டாம் தடவையும் எழுபத்தொன்று. மூன்றாம் தடவை எழுபத்திரண்டு. அம்சா மூன்றையும் நோட்டில் எழுதினாள். பண்ணைக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பெண் பயந்தபோது சுந்தரவல்லி சொன்னாள்: "நீங்க கண்ணால பார்த்ததைத்தானே எழுதியிருக்கீங்க? யார் கேட்டாலும் இதையேதான் சொல்லணும். கலெக்டரே கேட்டாலும் மாத்தக் கூடாது."

சொன்னபோது அவள் மனதார நம்பித்தான் சொன்னாள்.

மாநாட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் திருநாவுக்கரசு அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்கு ஒழுகிய இரண்டு வகுப்புகளுக்குக் கூரை போட நாயாக அலைந்தவர். கடைசியில் அந்தக் கூரையைப் போட்டுக் கொடுத்தது இறால் பண்ணைதான். குழந்தைகளைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போக வேன் தருவதாகச் சொல்லியிருப்பதும் பண்ணைதான்.

"சார்ட்டைப் பார்த்தேன் டீச்சர். ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்த அஞ்சாவது கிணறுதான்..." என்று இழுத்தார். "பண்ணை மேனேஜர் வந்துட்டுப் போனார். நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே பார்த்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். மாற்று என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிற்பாடு அவர்மேல் பழி போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வறிக்கையை நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தாள். போகாமலே இருந்துவிட்டால் பெண்கள் அழுவார்கள். ஐந்தாவது கிணற்றை விட்டுவிட்டால் ஏன் ஆறு கிணறுதான் என்று நடுவர் கேட்பார். இதையெல்லாம் யோசித்தாள் என்பது உண்மைதான். ஆனால் திருக்கழுக்குன்றத்துக்கே மாற்றல் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் திருநாவுக்கரசின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது என்பதும் உண்மை. பேனா 71க்கு வந்தபோது 17 என்று எழுதினாள். இலக்கம் இடம் மாறுவது யாருக்கும் நடக்கிறதுதான். யாராவது கண்டுபிடித்தால் கைப்பிழை என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு அவள் மனசு அந்த நிமிஷத்தில் வேலை செய்தது. சார்ட்டிலும் வெள்ளைத் தாள் ஒட்டி அப்படியே மாற்றினாள்.

செங்கல்பட்டில் அரங்கத்துக்குள் போய்ச் சார்ட்டை விரித்து மாட்டும்போதுதான் அம்சா பார்த்தாள். விரலை வைத்து வைத்துப் படித்துக்கொண்டு வந்தவள் ஐந்தாவது வரியில் நின்றாள். திரும்பி டீச்சரைப் பார்த்தாள். சுந்தரவல்லி குனிந்து கைப்பையில் ஊசி தேடுவதுபோல் தேடினாள்.

நடுவராக வந்தவர் கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். நிதானமாகக் கேட்டார்.

"இந்த அஞ்சாவது கிணறு பண்ணையை ஒட்டி இருக்குன்னு படத்துல போட்டிருக்கீங்க. அதுல பதினேழு சொட்டுதானா?"

அம்சாவின் கண் டீச்சர் பக்கம் வந்தது. சுந்தரவல்லி தலையை அசைக்கவில்லை. ஆனால் முகத்தில் இருந்த கெஞ்சலை மறைக்கவும் இல்லை.

"பதினேழுதான் சார்."

"எத்தனை தடவை எண்ணிப் பார்த்தே?"

"மூணு தபா சார்."

"மூணு தடவையும்?"

"மூணு தபாவும் பதினேழு சார்."

"கெட்டிக்காரி" என்று சொல்லி அவர் அடுத்த குழுவுக்குப் போனார். மாவட்டத்தில் இரண்டாம் பரிசு கிடைத்தது. ஐந்து பேருக்கும் சான்றிதழ். திரும்பி வரும்போது வேனில் நான்கு பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அம்சா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் பள்ளிக்கு ஒழுங்காக வந்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. டிசம்பரில் வெப்பமானியை வைத்துச் செய்முறைத் தேர்வு நடந்தது. சூடாகிற தண்ணீரின் வெப்பநிலையை நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுத வேண்டும். அம்சாவின் தாளில் எல்லா அளவுகளும் பாடப் புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தன. வெப்பமானி ஈரம்கூடப் படாமல் உறையில் இருந்தது.

"நீ பார்க்கவே இல்லையே அம்சா?"

"இன்னா வரணுமோ அத எழுதிட்டேன் டீச்சர்."

குரலில் குத்தல் இல்லை. இப்படித்தான் செய்ய வேண்டும்போல என்று புரிந்துகொண்டவளின் சாதாரணக் குரல். சுந்தரவல்லி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாப்பாட்டு டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் கணவர் ஆராவமுதன் உடம்புக்கு என்ன என்று கேட்டபோது, தலைவலி என்றாள்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், முனியம்மா காலிக் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

தெருப் பெண்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்டு, நல்ல தண்ணீர் கேட்டு, செங்கல்பட்டில் மனு கொடுக்கப் போயிருந்தார்கள். அங்கே இருந்த அதிகாரி மாநாட்டு ஆய்வுகளைத் தொகுத்து அச்சிட்ட மலரை எடுத்துப் பிரித்துக் காட்டினாராம். உங்கள் குப்பத்துப் பிள்ளைகளே சோதித்துக் குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்களே, பரிசுகூட வாங்கியிருக்கிறார்களே என்று கேட்டாராம்.

"எம் பொண்ணு பேரு போட்டுக்கீது டீச்சர் அதுல. இருவது பொம்பளைங்க முன்னாடி தலைய தொங்கப் போட்டுகினு வந்தேன். வூட்டுக்கு வந்து நல்லா சாத்திட்டேன் அவள. ஒரு வார்த்த பேசல. அடிய வாங்கிகினு கல்லு மாரி குந்திகினு கீறா." முனியம்மா கூடையை இடுப்பு மாற்றினாள். "நெசத்த சொல்லு டீச்சர். அது தப்பா எண்ணிச்சா?"

கைப்பிழை என்கிற வார்த்தை சுந்தரவல்லியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு மாதமாகத் தயாராக வைத்திருந்த வார்த்தை. ஆனால் அடிபட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

"அவ சரியாத்தான் எண்ணினா. எழுபத்தொண்ணு. நான்தான் மாத்தி எழுதினேன்."

முனியம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை. "ஏன்?"

"பயந்துட்டேன்."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சுந்தரவல்லி எதிர்பார்த்தாள். முனியம்மா கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப எம் பொண்ண நான் சும்மா அடிச்சிட்டேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு, "இதயே அங்க வந்து சொல்லுவியா?" என்றாள்.

திங்கட்கிழமை சுந்தரவல்லி லீவு போட்டுவிட்டு, அம்சாவின் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு செங்கல்பட்டுக்குப் போனாள். பஸ்ஸில் அம்சா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி நோட்டையும் மலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வயதானவர், ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்தது. ஒரு ஆசிரியையின் வேலையைக் கெடுக்க அவருக்கு விருப்பமில்லை.

"எழுதும்போது இலக்கம் மாறிப் போயிருக்கு. அவ்வளவுதானே டீச்சர்? திருத்தம்னு ஒரு லெட்டர் கொடுத்துடுங்க, போதும்."

தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் காத்திருந்தார். கிணற்றுக்கும் அது போதும். அம்சா முதன்முறையாகத் தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள்.

"இல்லை சார். தெரிஞ்சேதான் மாத்தினேன். இந்தப் பொண்ணு எனக்காகத்தான் அங்கே பொய் சொன்னா. அப்படியே எழுதிக் கொடுக்கிறேன்."

அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாளில் ஆட்கள் வந்து கிணற்றைச் சோதித்தார்கள். உப்பு இன்னும் கூடியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் லாரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. பண்ணையை யாரும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து இறாலுக்கு நோய் வந்து தானாக மூடினார்கள். சுந்தரவல்லிக்கு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போனது, மாற்றலும் கிடைத்தது. திருக்கழுக்குன்றத்துக்கு இல்லை, செய்யூரையும் தாண்டி ஒரு ஊருக்கு. அதெல்லாம் அவளுக்குக் கிட்டத்தட்ட நிம்மதியாகவே இருந்தது. தாங்க முடியாமல் போனது வேறொன்று. பரிசை ரத்து செய்து, ஐந்து சான்றிதழையும் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. வீடு வீடாகப் போய் அவளே கேட்டு வாங்கினாள். ஒரு வீட்டில் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா நாற்காலிமேல் ஏறிக் கழற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் போயிற்று. இரண்டாயிரத்தாறில் மாமல்லபுரத்தில் ஒரு ஆசிரியர் பயிற்சிக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கேளம்பாக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் பஸ் ஏறினாள். நல்ல கூட்டம். சுடிதார் போட்ட ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இங்க குந்துங்க" என்றாள்.

அம்சா. ப்ளஸ் டூ வரை படித்துவிட்டு, கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாளாம். அம்மாவுக்கு முட்டி வலி, கூடை சுமப்பதை விட்டுவிட்டாள். அன்று வார விடுமுறை, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கை காலியானதும் அவளும் உட்கார்ந்தாள்.

"உன்னை அப்படி ஒரு நிலைமையில நிறுத்தினதுக்கு நான் உங்கிட்ட மன்னிப்பே கேட்டதில்லை அம்சா."

"வுடுங்க டீச்சர். நீங்கதான் அன்னிக்கி வந்து சொல்ட்டீங்களே." அவள் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்கூட இருந்த நாலு பேருதான் அப்பறம் எங்கிட்ட பேசவே இல்ல. பத்தாவது முடிக்கிற வரைக்கும். எங்கம்மா வந்து கேட்டதாலதான் சர்ட்டிபிகேட்டு போச்சாம். ஜெஸ்ஸி மட்டும் கல்யாணத்துக்குக் கூப்ட்டா. மத்தவங்க அதுவும் இல்ல."

சுந்தரவல்லி அவள் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாக இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். சான்றிதழை வாங்கப் போன வீடுகளில், "ஒரு தப்பு நடந்துபோச்சு, திருப்பிக் கேட்கிறாங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. அந்தப் பெண்கள் அதை அம்சாவின் தலையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன் நீ சொல்லலை? டீச்சர்தான் மாத்தினாங்கன்னு?"

"சொன்னேன் டீச்சர். நம்பல. டீச்சர் அப்டிலாம் செய்ய மாட்டாங்கன்னாங்க."

பஸ் கோவளத்தைத் தாண்டியது. சுந்தரவல்லி கைப்பையைத் திறந்து பேனாவையும் பயிற்சிக்குக் கொண்டுவந்த நோட்டையும் எடுத்தாள்.

"அவங்க நாலு பேரும் இப்போ எங்கே இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"இன்னாத்துக்கு டீச்சர்? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சி போச்சி."

"தெரிஞ்சா சொல்லும்மா."

அம்சா ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தாள். ஜெஸ்ஸி கடப்பாக்கத்தில், மாதா கோயில் பக்கம். இரண்டு பேர் குப்பத்திலேயே. நான்காவது பெண்ணின் விலாசம் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சுந்தரவல்லி குலுங்குகிற பஸ்ஸில் மடியில் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை ஒரு தரம் வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டாள்.