சீனியர் சொன்னா சரி

மூன்று வாரமாக ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு படிவங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று, இன்னும் மூன்று வருடம் விமானப்படையிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து ஊக்கத்தொகை வாங்கிக்கொள்ளும் படிவம். மற்றொன்று, உங்களுக்கும் எனக்கும் இத்தோடு சரி என்கிற விலகல் படிவம். இரண்டையும் ஒரே தவளைக் காந்தம் பிடித்துக்கொண்டிருந்தது. மேஜர் மா தேசிக், காலையில் பால் எடுக்கும்போது ஒரு தடவையும் ராத்திரி கிம்ச்சி ஊறுகாய் டப்பாவை உள்ளே வைக்கும்போது ஒரு தடவையும் அவற்றைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் ஏதாவது ஒன்றில், கையெழுத்துக்குப் பதிலாக, தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்தாக வேண்டும்.

மனைவி ஜின்ஜு வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் ஒன்பது வீடு மாறியிருக்கிறாள். ஒவ்வொரு ஊரிலும் நீச்சல் குளத்தில் வேலை தேடி, குழந்தைகள் வகுப்பில் தொடங்கி, பெரியவர்கள் வகுப்பு கைக்கு வரும் நேரத்தில் இவருக்கு மாற்றல் வந்துவிடும். மகள் பொமிக்கு இது நான்காவது பள்ளிக்கூடம். பால்கனியில் ஆறு அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படாமலேயே ஊர் ஊராக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஜின்ஜுவின் கையெழுத்தில் ‘அடுத்த வீடு’ என்று இருந்தது.

“நீ என்னதான் சொல்ற, பொமியம்மா?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

“முத்திரை உங்களது, கையும் உங்களது. நான் குத்தச் சொல்லி, நாளைக்கு வானத்தைப் பாத்துப் பெருமூச்சு விட்டீங்கன்னா அதையும் நான்தான் கேக்கணும்.”

படையில் இருப்பதற்குத் தேசிக்கிடம் காரணங்கள் நிறைய இருந்தன. நாடு என்பார். பைலட்டுகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பார். ஊக்கத்தொகையில் நல்ல கார் ஒன்று வரும் என்பார். எல்லாமே உண்மைதான். ஆனால் ராத்திரி படுத்தால் இவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வராது. தாக் கிஹுன்தான் வருவான்.

கிஹுன் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு இரண்டு பேட்ச் இளையவன். பல்கலைக்கழகம் வழியாகப் படைக்கு வந்தவன் என்பதால் கட்டாயச் சேவை சீக்கிரம் முடிந்து, நான்கு வருடத்துக்கு முன்பே ஒரு விமான நிறுவனத்துக்குப் போய்விட்டான். இந்த வசந்தத்தில் கேப்டனும் ஆகிவிட்டான். விமான நிறுவனத்தில் பேட்ச் கணக்குச் செல்லாது. யார் முதலில் சேர்ந்தாரோ அவர்தான் மேலே. தேசிக் இப்போது போய்ச் சேர்ந்தால் கோ-பைலட்டின் வலது இருக்கை, கேப்டனின் இடது இருக்கையில் கிஹுன். காலணிக்கு ஒழுங்காகப் பாலிஷ் போடவில்லை என்று ஓடுதளத்தைச் சுற்றி யாரை ஓடவிட்டாரோ, அவனைப் பார்த்து ‘சொல்லுங்க கேப்டன்’ என்று சொல்ல வேண்டும். நினைத்தாலே அவருக்கு நாக்கு மடங்கிக்கொண்டது.

அந்தக் கிஹுனே வெள்ளிக்கிழமை போன் செய்தான்.

“சீனியர், நாளைக்குக் கிம்போல சிமுலேட்டர்ல ரெண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்திருக்கேன். முடிவு எதுவோ இருக்கட்டும். ஒரு தடவை உக்காந்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்களேன்.”

“ஏன்டா, எனக்கு விமானம் ஓட்டச் சொல்லித் தரப் போறியா?”

“ஐயோ, நான் போயி உங்களுக்கா சீனியர்!”

கிளம்பும்போது ஜின்ஜு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “வர்ற வழியில நெடுஞ்சாலைக் கடையில அக்ரூட் பணியாரம் வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி வண்டியிலயே தின்னு தீத்துட்டு வராதீங்க.”

தேசிக்கின் தளம் இருந்த யெச்சனிலிருந்து கிம்போவுக்கு மூன்று மணி நேரம். இலையுதிர் காலத்தில் மலைகளெல்லாம் சிவந்திருந்ததால் இலை பார்க்கப் போகிறவர்களின் பேருந்துகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டர் கூடத்தின் வாசலில் கிஹுன் நின்றிருந்தான். தொப்பை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தேசிக்கைப் பார்த்ததும் இடுப்பு தானாக வளைந்து தொண்ணூறு பாகைக்குப் போனது.

உள்ளே பயிற்சியாளர் கில் மேடம். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. ராணுவத்தின் வாடையே படாதவர். அதனால் அவருக்கு எந்த பேட்ச்சும் ஒன்றுதான்.

“இடது இருக்கை யாரு, வலது இருக்கை யாரு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “சீனியர், நீங்க இடது பக்கம்...” என்று கிஹுன் இழுத்தான்.

“கேப்டன் யாருன்னுதான் கேட்டேன். வயசைக் கேக்கல.”

கிஹுன் இடது பக்கம் உட்கார்ந்தான். மாமியார் வீட்டுச் சோபாவில் உட்காருகிற புது மாப்பிள்ளை மாதிரி, நுனியில்.

முதல் ஓட்டத்தில் கிஹுன் ஓட்ட வேண்டும். தேசிக் துணைக்கு இருந்து கருவிகளில் எண்களை வைக்க வேண்டும், கட்டுப்பாட்டு அறையோடு பேச வேண்டும். மலைகளுக்கு நடுவே, மேகத்துக்குள் இருக்கிற ஒரு விமான நிலையத்தில் இறங்குகிற பயிற்சி. கில் மேடமே பின்னாலிருந்து கட்டுப்பாட்டு அறையாகவும் பேசினார். “நாலாயிரம் அடிக்கு இறங்குங்க.”

“நாலாயிரம்” என்று தேசிக் திருப்பிச் சொன்னார். சொல்லிக்கொண்டே, இறங்க வேண்டிய உயரத்தை வைக்கிற குமிழைத் திருகினார். அவருடைய தளத்தில் அந்த இடத்தில் எப்போதும் மூவாயிரம்தான். விரலுக்குப் பழகிப்போன எண். வாய் நாலாயிரம் என்றது, விரல் மூவாயிரத்தில் போய் நின்றது.

கிஹுனின் தலை அந்தப் பக்கம் திரும்பியதை தேசிக் ஓரக்கண்ணால் கவனித்தார். குமிழைப் பார்த்தான். தேசிக்கின் முகத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டான். விமானம் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

எச்சரிக்கைக் குரல் அலறியபோது இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். நேரம் கடந்திருந்தது. திரை முழுக்க ஒரு மலை வந்து நின்றது. பிறகு எல்லாம் சிவப்பாகி உறைந்துபோனது.

கில் மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “நூத்தி எண்பது பேர்” என்றார். “காப்பி குடிச்சிட்டு வாங்க.”

நடைக்கூடத்து இயந்திரத்தில் காகிதக் கோப்பைக் காப்பி. தேசிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை.

“நீ பாத்தியா, டேய்? நான் மூவாயிரம் வச்சதை?”

“பாத்தேன், சீனியர்.”

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

கிஹுன் கோப்பையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். “சீனியர் வச்சா ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன்.”

தேசிக்குக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. “எப்பவுமே இப்படித்தான் நினைப்பியா?”

“நான் மட்டுமா? நம்ம ஸ்குவாட்ரன்ல எல்லாருமேதான். ஞாபகம் இருக்கா, ஒருநாள் நீங்க தப்பான ஓடுபாதை நம்பரைச் சொன்னீங்க. நாங்க நாலு பேரும் உங்க பின்னாடியே வந்தோம். கன்ட்ரோல் டவர்தான் திருத்துச்சு. நீங்க டவரைத் திட்டுனீங்க.”

ஞாபகம் இருந்தது. டவரைத் திட்டியது நன்றாகவே ஞாபகம் இருந்தது. தவறு தன்னுடையது என்பதுதான் இந்த நிமிடம் வரைக்கும் தெரியாது. கடைசியாகத் தனக்கு யார் தவறு என்று சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தார். மேஜரான பிறகு ஒருவரும் சொல்லவில்லை. ஆறு வருடமாகத் தான் தவறே செய்வதில்லை என்று இந்த மனிதர் சந்தோஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக முன்னாலும் பின்னாலும் நல்ல பிள்ளைகள் காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவரோடு பறந்துகொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

கதவைத் திறந்து கில் மேடம் எட்டிப் பார்த்தார். “மரியாதை எல்லாம் முடிஞ்சுதா? இப்ப வலது இருக்கை ஓட்டட்டும். இடது இருக்கை, உங்களுக்கு வாய் இருக்குல்ல? அதைத் திறங்க.”

தேசிக் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். கிஹுனுக்கு நேராகத் திரும்பி நின்றார். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, சொல்லிவிட்டார்.

“போலாமா... கேப்டன்?”

கிஹுனுக்குப் புரையேறிவிட்டது. முதுகில் தட்டிக் கொடுக்கவும் தேசிக்தான் வேண்டியிருந்தது.

“வேண்டாம் சீனியர், என்னமோ மாதிரி இருக்கு.”

“எனக்கு மட்டும் கல்யாண விருந்தா? வா. வாங்க.”

இரண்டாவது ஓட்டத்தில் உயரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓடுபாதையை நோக்கித் திரும்புகிற இடம் வந்ததும் பதினைந்து வருடப் போர் விமானம் தேசிக்கின் மணிக்கட்டில் விழித்துக்கொண்டது. சட்டென்று விமானத்தை ஒரே வெட்டாக வெட்டினார். அடிவானம் சாய்ந்தது. பின்னால் கில் மேடத்தின் பேனா உருண்டு ஓடியது.

“சீனி...” என்று ஆரம்பித்த கிஹுன் நிறுத்தினான். தேசிக் காத்திருந்தார். கை சாய்வைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் காது முழுக்க இடது பக்கத்தில் இருந்தது. சொல்லுடா, சொல்லித் தொலை என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

“கோ-பைலட், சாய்வு அதிகம்.” குரல் கொஞ்சம் நடுங்கியது. அடுத்த வாக்கியத்தில் நடுங்கவில்லை. “கையை விடுங்க. நான் ஓட்டுறேன்.”

தேசிக்கின் இரண்டு கைகளும் மடிக்கு வந்துவிட்டன. “ஓட்டுங்க, கேப்டன்.” அது நாக்கு மடங்காமல் வந்தது.

விமானம் மெதுவாக நிமிர்ந்தது. கிஹுன் அகலமாக ஒரு வட்டம் போட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல அதை ஓடுபாதையில் இறக்கினான். தேசிக் அந்த நிமிடம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பையன் நன்றாக ஓட்டுகிறான் என்று நினைத்தார். அவருக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நிம்மதியாக ஒரு விமானத்தில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

“அந்தத் திருப்பத்துல பயணிகளோட நூடுல்ஸ் எல்லாம் கூரையில ஒட்டியிருக்கும்” என்றார் கில் மேடம், பேனாவைத் தேடிக்கொண்டே. “ஆனா ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்க. பரவால்ல.”

பன்றி எலும்பு சூப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தேசிக் கிளம்பினார். நெடுஞ்சாலைக் கடையில் அக்ரூட் பணியாரம் இரண்டு பொட்டலம் வாங்கினார். ஒன்று வண்டியிலேயே தீர்ந்தது. ஒன்று வீடு வந்து சேர்ந்தது.

ஜின்ஜு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கதையைக் கேட்டாள். மலையில் மோதியதைச் சொன்னபோது சிரித்தாள். காரணம் இருக்கும்னு நினைச்சேன் என்று கிஹுன் சொன்னதைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றாள்.

“எதை?”

“ஒன்பது வீட்டை.”

தேசிக் எழுந்துபோய்த் தவளைக் காந்தத்தை எடுத்தார். ஊக்கத்தொகைப் படிவத்தை மடித்துக் குப்பையில் போட்டார். கார் போனதே என்று ஒரு நொடி இருந்தது, இல்லாமல் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து பெயர் முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் நன்றாக அழுத்தி, விலகல் படிவத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் குத்தினார்.

“இந்த வீட்டையும் இன்னொரு தடவை மூட்டை கட்டணும், பொமியம்மா. கிம்போ பக்கத்துல. அதுதான் கடைசி.”

ஜின்ஜு படிவத்தை வாங்கி, மை காயும் வரை ஊதினாள். பிறகு பால்கனிக்குப் போய், பேனாவால் முதல் பெட்டியின் மேல் ‘அடுத்த’ என்பதை அடித்துவிட்டு வந்தாள். ‘வீடு’ மட்டும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதிப் பெட்டிகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

தேசிக் போனை எடுத்தார். கிஹுனுக்கு இதுவரை அனுப்பிய எல்லாச் செய்திகளும் ‘டேய்’ என்றுதான் தொடங்கியிருந்தன. இன்று இப்படித் தட்டினார்: “கேப்டன், முத்திரை குத்திட்டேன். நீங்க அனுப்பின உங்க கம்பெனி வேலை அறிவிப்பையும் படிச்சிட்டேன். இருபத்தி மூணாம் தேதி தேர்வுக்கு வர்றேன்.”

கிஹுன் படித்துவிட்டான் என்று திரை காட்டியது. பதில் வரவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறான் போல. ஒரு பணியாரம் ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. பதினோரு நிமிடம் கழித்துப் போன் மினுங்கியது.

“தப்பு. பதிமூணாம் தேதி. மறுபடி ஒரு தடவை படிங்க.”

தேசிக் அறிவிப்பைத் திறந்து பார்த்தார். பதின்மூன்றுதான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் பதக்கம் வாங்கிய நாளில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார், போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். ஜின்ஜு வாசித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

“என்ன, உங்களையே தப்புன்னு சொல்லிட்டான்?”

“சொல்லிட்டான் இல்ல, பொமியம்மா” என்றார் தேசிக். “சொல்லிட்டாரு.”