வலப்பக்கம் ஒன்று கூடுதல்

1

மனிதகுலம் இதுவரை எழுதியவற்றுள் குறையே இல்லாத இலக்கியம் வேதியியல் சமன்பாடு ஒன்றுதான். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சமன்பாட்டில் இடப்பக்கம் வந்த பாத்திரம் வலப்பக்கம் போவதற்குள் காணாமல் போவதில்லை. எங்கிருந்தோ ஒரு மாமா திடீரென்று வந்து கடைசிப் பக்கத்தில் சிக்கலைத் தீர்த்துவைப்பதில்லை. வர்ணனை கிடையாது, அழுகை கிடையாது. நடுவில் ஓர் அம்புக்குறி. நெருப்பு, காலம், விதி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே இந்தக் கதையையும் அப்படியே எழுதப்போகிறேன். உள்ளே போனது எவ்வளவோ அவ்வளவே வெளியே வரும். ஒரு சொல் மிஞ்சாது. நம்பிக்கை இல்லாதவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய ஒரு பக்கக் கேலிக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்த ஒரு பக்கம் என் அறைத்தோழன் குய்பாவை அறையை விட்டே கிளப்பிவிட்டது. சனிக்கிழமை காலை அவன் வண்டி ஏறி ஊருக்குப் போகிறான். இன்று வியாழன். அதற்குள் ஒருமுறையாவது என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவானா? இந்தக் கதையில் விஷயம் அவ்வளவுதான். வேறு எதையும் எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "கொரோக்கா மலைகளின் மேல் மூடுபனி மெல்ல—" வேண்டாம். மூடுபனி இங்கே தினமும்தான் வருகிறது, கதைக்காக ஒன்றும் வருவதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "குய்பா நல்லவன்." உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நாலாம் பக்கத்தில் அவன் செத்துவிடுவான் என்று நினைப்பீர்கள். சாகவில்லை. இரண்டு கட்டடம் தள்ளி, பதினான்காம் எண் அறையில் நன்றாகவே இருக்கிறான்.

மூன்றாம் தொடக்கம்: "என் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் நான் படுக்கிறேன். இன்னொன்றில்—"

(இந்த வாக்கியத்தை மூன்று முறை முடிக்கப் பார்த்தேன். கிடக்கட்டும்.)

சரி, நேராகவே வருகிறேன். நான் பொமாட். மானுஸ் தீவுக்காரன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இந்த நாட்டில் எண்ணூறு மொழி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தந்த மொழிக்காரர்கள் சேர்ந்து குழி வெட்டி, கல்லைச் சுடவைத்து, கிழங்கையும் கறியையும் இலையில் பொதிந்து வேகவைத்துக் கூட்டமாகச் சாப்பிடுவார்கள். கல்லூரியில் என் மொழி பேசுகிறவர்கள் மொத்தம் ஒருவர். அவரைப் பார்க்க வேண்டுமானால் எனக்குக் கண்ணாடி வேண்டும்.

குய்பா ஹேகன் பக்கத்து மலைக்காரன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அவனுக்கு இங்கே நாற்பது ஊர்க்காரர்கள். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்து என் எதிரே உட்காருவான்.

"யோவ், உங்க ஆளுங்களோட அங்கயே சாப்பிடலாம்ல?"

"அங்க ஒரே சத்தம். நீ மீன் திங்கிற ஜாதி, வாயே தொறக்க மாட்டே. நிம்மதியா இருக்கு."

நான் வாயைத் திறக்காதவன் இல்லை. திறக்க ஆள் இல்லாதவன். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான்.

3

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு நல்லவனை யார் நம்புவார்கள்? ஆகவே பதிவு செய்கிறேன்: அவன் குறட்டை விடுவான். என் சோப்பைக் கேட்காமல் எடுப்பான். வேதியியலில் இரண்டு முறை தேறவில்லை. மூன்றாம் முறையும் போனால் கல்லூரி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். அவன் ஊர்ப் பள்ளியில் அறிவியலுக்கு வாத்தியார் கிடையாது. இவன் வருவான் என்று ஐந்து வருடமாக அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களாம்.

அவன் தேறாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதை வகுப்பில் நான் நேரில் பார்த்தேன். கிலா மிஸ் மெக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். கண் கூசும் வெள்ளை வெளிச்சம், பிறகு சாம்பல். "இதுக்குச் சமன்பாடு யார் எழுதுறது?" என்றார். குய்பா எழுந்து போய் எழுதினான்:

2Mg + O₂ → 3MgO

மிஸ் பலகையில் விரல் வைத்து எண்ணினார்.

"குய்பா, ரெண்டு மெக்னீசியம் உள்ள போச்சு. மூணு எப்படிப்பா வெளிய வந்துச்சு?"

"நான் ஒண்ணு சேர்த்தேன் மிஸ்."

"ஏன்?"

"ஆக்சிஜன் வெளியாளு மிஸ். நம்ம இடத்துக்கு வந்திருக்கு. வந்த அளவே திருப்பிக் குடுத்து அனுப்பினா அசிங்கமா இருக்காது?"

வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அவர் கடலோரத்துக்காரர், மலைக்காரர்களின் வழக்கம் அறியாதவர்; சிரித்து முடித்த பிறகு மூன்றை அழித்து இரண்டு போட்டார்.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவன் எல்லாச் சமன்பாட்டிலும் இப்படித்தான். கரி எரிந்தால் புகை கூடுதல். அமிலமும் காரமும் சேர்ந்தால் தண்ணீர் கூடுதல். இடப்பக்கத்தை ஒருநாளும் தொட்டதில்லை. வலப்பக்கம்தான் பெருகும்.

4

இது முட்டாள்தனம் இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் என் அம்மா புகையில் வாட்டிய மீனைக் கப்பலிலும் வண்டியிலுமாக அனுப்பியிருந்தாள். ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு சாக்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கும், ஒரு தார் வாழைப்பழமும், அவன் தங்கை பின்னிய தோள்பையும் என் கட்டிலின் மேல் இருந்தன.

"யோவ், நான் குடுத்தது ஒரு மீனு."

"ஆமா."

"ஒரு மீனுக்கு ஒரு மீன் குடுத்தா போதாதா?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஒண்ணுக்கு ஒண்ணு திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம் தெரியுமா? 'முடிஞ்சுதுப்பா, நீ யாரோ நான் யாரோ'ன்னு அர்த்தம். கொஞ்சம் கூட இருக்கணும்டா. கூட இருந்தாத்தான் நீ திரும்பி என் வீட்டுப் படி ஏறுவே."

இந்த வசனத்தை நான் அப்போது ரசித்தேன். கேலிக்கு உதவும் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன்.

5

தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் அவனே கேட்டான். "டேய், உனக்கு இது வருதுல்ல, சொல்லிக் குடு." இரண்டு நாள் முன்புதான் அம்மா அனுப்பிய அடுத்த பொட்டலத்திலிருந்து இன்னொரு மீன் கொடுத்திருந்தேன். அவன் கைம்மாறு இன்னும் வரவில்லை. அது பெரிதாக வரும் என்று இருவருக்கும் தெரியும்.

பன்னிரண்டு பாக்கும் ஒரு தீப்பெட்டியும் வாங்கி வந்தேன். பாக்கு மெக்னீசியம். தீக்குச்சி ஆக்சிஜன். ஆக்சிஜன் ஜோடியாகத்தான் திரியும் என்பதால் இரண்டிரண்டு குச்சியை நூலால் கட்டினேன்.

"ஒரு பாக்குக்கு ஒரு குச்சி. அதான் சாம்பல். இப்ப ஒரு பாக்கு, ஒரு ஜோடிக் குச்சி. என்ன ஆகும்?"

"ஒரு குச்சி அனாதையா நிக்கும்."

"அதனால?"

"இன்னொரு பாக்கு." வைத்தான். இரண்டு சாம்பல் ஆனது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்து வலப்பக்கம் வைத்தான்.

"இது எங்கிருந்துய்யா வந்துச்சு?"

"என்னுது."

"வெளியிலேர்ந்து எதுவும் வரக் கூடாதுய்யா! தராசுல வச்சுப் பாரு, இந்தப் பக்கம் எவ்வளவு எடையோ அந்தப் பக்கமும் அவ்வளவுதான்."

"யாராச்சும் பிரியப்பட்டுக் குடுத்தாக் கூடவா?"

"பிரியத்துக்கு எடை கிடையாது."

ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் மாலை அவன் வலப்பக்கத்துப் பாக்கைத் தானே எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"புரிஞ்சுதுடா. வந்தான், எரிஞ்சான், சமமாத் திரும்பிப் போனான். இந்த அணுங்களுக்குள்ள உறவே கிடையாது." கொஞ்சம் கழித்து, "பாவம்டா அதுங்க" என்றான்.

பன்னிரண்டு பாக்கையும் மென்று துப்பினோம்.

6

இனி நான் வரும் பகுதி. எழுதத் தயக்கமாக இருக்கிறது. (இதற்கு முன் மூன்று பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். அவற்றில் நான் மிகவும் நல்லவனாக இருந்தேன்.)

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், பலகையில் ஒட்டினேன்:

"ஹேகன் விஞ்ஞானியின் மாபெரும் கண்டுபிடிப்பு: ஆக்சிஜன் குட்டி போடுகிறது! இனி யாரும் விறகு வெட்ட வேண்டாம்; ஒரு குச்சியைக் கொளுத்தினால் மூன்று கிடைக்கும். உபரியைப் பெற்றுக்கொள்ள ஆக்சிஜனின் மாமனார் வீட்டார் வரிசையில் வரவும். ஒரு மீன் கொண்டுவருவோருக்கு ஒரு மலை இலவசம்."

ஏன் ஒட்டினேன்?

விடை அ: நகைச்சுவைக்கு.
விடை ஆ: அவனுக்குப் பாடம் மறக்காமல் இருக்க. (இதை நானே நம்பவில்லை.)
விடை இ: அன்று மதியம் பலகைக்கு முன்னால் நின்ற பதினோரு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிம்பு ஊர்க்காரன் பரே என் தோளில் கை போட்டான். "டேய் தீவு, நீ சரியான ஆளுடா!" இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தேன்.

கூட்டத்தின் பின்னால், எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, குய்பா நின்று படித்துக்கொண்டிருந்தான். அவன் நிதானமாகப் படிப்பவன். கடைசி வரி வரை படித்தான். மீன் வரி கடைசியில்தான் இருந்தது.

அவனுடைய நாற்பது பேரில் ஒருவன் காகிதத்தைக் கிழிக்கப் போனான். "விடு," என்றான் குய்பா. "நல்லாத்தான் எழுதியிருக்கான்."

7

தேர்வில் அவன் எல்லாச் சமன்பாட்டையும் சரியாக எழுதினான். ஓர் அணு கூடவில்லை, குறையவில்லை. கிலா மிஸ் அவன் விடைத்தாளை வகுப்பில் தூக்கிக் காட்டினார். அவனுக்குப் பாக்கி இருந்தது அந்த ஒரு தாள்தான்; இனி ஊர்ப் பள்ளி நாற்காலிக்குப் போகலாம்.

அன்று மாலை அறைக்கு வந்து மேசையைத் துடைத்தான். பிறகு ஒவ்வொன்றாக வைத்தான். பன்னிரண்டு பாக்கு. ஒரு தீப்பெட்டி. சோப்பு ஒன்று. டின் மீன் ஒன்று.

"எண்ணிக்கோ," என்றான்.

"என்னய்யா இது?"

"நீதானே சொல்லிக் குடுத்தே. சமமா இருக்கான்னு பாரு."

"குய்பா, அது சும்மா தமாஷுக்கு—"

"தெரியும். சிரிப்பாத்தான் இருந்துச்சு." மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். கதவருகே நின்று, கோபமே இல்லாத குரலில், "நீ நல்ல வாத்தியாரா வருவே" என்றான்.

சமமாகத்தான் இருந்தது. நான் எண்ணினேன்.

8

சாத்தியமான முடிவுகள்:

முதல் முடிவு. குய்பா திரும்பி வருகிறான், கட்டிப்பிடிக்கிறான், இருவரும் அழுகிறார்கள். இதில் இடப்பக்கம் இல்லாத ஒன்று வலப்பக்கம் வருகிறது. செல்லாது.

இரண்டாம் முடிவு. சனிக்கிழமை வண்டி கிளம்புகிறது. அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அந்த டின்னைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறேன். எல்லாம் சமம். முதல் பகுதியில் நான் புகழ்ந்தேனே, அந்தக் குறையில்லாத இலக்கியம் இதுதான். இலக்கணப்படி கதை இங்கே முடிய வேண்டும்.

மூன்றாம் முடிவு. பல வருடம் கழித்து, இருவரும் ஆசிரியர்களாக, ஒரு—

இல்லை.

9

வெள்ளிக்கிழமை. வகுப்புக்குப் போகாமல் சந்தைக்குப் போனேன். இதைக் கதையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை; எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் கல்லூரி வாசலில் நுழையும்போது என் இரண்டு கக்கத்திலும் உயிருள்ள கோழிகள். முதுகில் ஏழு அன்னாசி. தலையில் ஒரு சாக்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதுவும் கிழங்கிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மலைக்காரனுக்கு. ஒரு கோழி என் காதைக் கொத்த முயன்றுகொண்டிருந்தது. மரத்தடியில் கூட்டம் இருந்தது.

"டேய் தீவு!" பரேதான். "பொண்ணு பாக்கப் போறியா?"

"இல்ல."

"பின்ன என்னடா விசேஷம்?"

"ஒருத்தன் டின் மீன் குடுத்தான்."

"எத்தன டின்னு?"

"ஒண்ணு."

பரே மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. அன்று பலகை முன் கேட்ட அதே சிரிப்பு. "ஒரு டின்னுக்கு ஊரையே தூக்கிட்டுப் போறான்டா! கணக்குத் தெரியாத பய!" நல்ல வரி. நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சுருக்கியிருப்பேன்.

பதினான்காம் எண் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருந்தான்; பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. சாக்கை இறக்கி வைத்தேன். அன்னாசிகளை அதன் பக்கத்தில் அடுக்கினேன். கோழிகளின் காலைத் தூணில் கட்டினேன். சத்தம் நின்றது.

அவன் திறப்பானா, உள்ளேயே இருந்துவிடுவானா என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை எழுத எனக்கு உரிமை இல்லை. என் பக்கம் இடப்பக்கம். அம்புக்குறிக்கு அந்தப் புறம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்.

கதவைத் தட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தேன். போதாது என்று தோன்றியது. மலைக்குளிருக்கென்று அம்மா வாங்கித் தந்த ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவனுக்கு அது முழங்கையைத் தாண்டாது. மடித்து, அன்னாசிகளின் மேல் வைத்தேன்.