பொதுப் பட்டியல்

காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் சிவப்பு வரிகளைத் தேடுவதுதான் அவனுடைய முதல் வேலை. அந்த அச்சகத்தில் எழுபது கணினிகள், அத்தனைக்கும் பொறுப்பு அவன். அவற்றில் யாராவது அனுமதி இல்லாமல் ஒரு மென்பொருளை ஏற்றினால் அவன் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். அவன் நீக்கு என்று ஓர் அழுத்து அழுத்துவான், அவ்வளவுதான். கணக்குப் பிரிவில் சீட்டு விளையாட்டு, வரவேற்பறையில் திரைக்குக் குறுக்கே நடக்கும் பூனை, எல்லாம் அப்படிப் போனவைதான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் 'பூட்டு'. அவன் தலை தெரிந்தாலே ஒருவர் முழங்கையால் இன்னொருவரை இடிப்பார். அவனும் பிறவியிலேயே கறார் பேர்வழி இல்லை. இரண்டு வருடம் முன்னால் எவரோ ஏற்றிய இலவச விளையாட்டோடு வைரஸ் உள்ளே வந்து, மூன்று நாள் எழுபது கணினியும் படுத்துவிட்டன. வாங்கிக் கட்டிக்கொண்டது அவன். அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகத்தான் இருக்கிறான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை புதிய சோதனை முறை அமலுக்கு வந்தது. பழையதன் கண்ணில் படாத ஒன்று இதில் மாட்டியது. திரையில் இருக்கும் எழுத்தைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் மென்பொருள். புரூஃப் அக்காவின் கணினியில், எட்டு மாதமாக. அக்காவா இப்படி என்று ஒரு நொடி நினைத்தான். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். முப்பது அடி தூரம்தான். கேட்காமல் அழுத்திவிட்டான்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற துண்டுத்தாள்களைத்தான் அங்கே அச்சடிக்கிறார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இருபத்திரண்டு வருடமாக அவற்றைப் பிழை பார்ப்பவர் புரூஃப் அக்கா. கொஞ்ச நாளாகக் காதில் எப்போதும் இயர்போன். யாராவது கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், அக்கா பாட்டில் மூழ்கிவிட்டார் என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

மதியம் மூன்று மணிக்கு மேலாளர் ஒரு தாளோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. 0.5 மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 5 மில்லி. புள்ளியும் இல்லை, பூஜ்யமும் இல்லை. அச்சு இயந்திரக்காரர் தற்செயலாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறார், இல்லாவிட்டால் லட்சம் தாள் ஓடியிருக்கும். மேலாளர் சத்தம் போடவில்லை. இன்னும் ஒரு தடவை இப்படி நடந்தால் கட்டுப் போடும் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி கட்ட வேண்டும். அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவன் போய்ப் பார்த்தபோது அக்காவின் மூக்கு கணினித் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இயர்போன் கழுத்தில் சும்மா தொங்கியது. அந்த நிமிடம்தான் அவனுக்கு விளங்கியது. அவர் இத்தனை நாள் கேட்டது பாட்டு இல்லை.

"காலைல ஏதாவது எடுத்தீங்களா தம்பி?" என்றார், திரும்பாமலே.

"ஆமாங்க்கா. எதுக்குன்னு தெரியாம எடுத்துட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் பாதி. முதலில் வாடிக்கையாளர் கொடுத்த மூலத்தைக் கேட்பாராம், பிறகு அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கேட்பாராம். ஒரு சொல் மாறினாலும் காது பிடித்துவிடும். "புள்ளியைக்கூட அது விடாம சொல்லும். நான்தான் இன்னைக்கு விட்டுட்டேன்" என்றார். அந்த 'நான்தான்' அவனைச் சுருக்கென்று தைத்தது.

திருப்பி ஏற்றுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் ஒரு தடவை நீக்கியது மறுபடி வந்தால், மறுநாளே சிவப்பு வரியாக மேலாளர் திரைக்கும் போகும். முறையாகச் செய்ய ஒரு படிவம் உண்டு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம், கீழே மேலாளர் கையெழுத்து. அந்தப் படிவத்தை வடிவமைத்ததே அவன்தான்.

"காரணம் எழுதினா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் தம்பி" என்றார் அக்கா.

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. மருந்து விஷயம். கண் தெரியாதவரை அந்த மேசையில் உட்கார வைக்க நான் யார்? திரும்பி வந்து திருத்தப் பதிவேட்டைத் திறந்தான். கடந்த எட்டு மாதத்தில் அக்கா பார்த்த தாள்கள் நானூற்றுப் பதினொன்று. பிழையென்று திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. இன்றைய தேதி. அது அக்காவின் பிழை இல்லை என்பது அந்தக் கட்டிடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

எழுபது கணினியிலும் இருந்தே தீர வேண்டியவற்றுக்கு ஒரு பொதுப் பட்டியல் உண்டு. அதில் ஒன்றைச் சேர்க்க யாரையும் கேட்க வேண்டாம், அவன் கையெழுத்தே போதும். ஏன் சேர்த்தாய் என்று கேட்டால் பதிலும் அவன்தான் சொல்ல வேண்டும். காற்றுக்குக்கூட அனுமதிச் சீட்டு கேட்பவன் என்று மனைவி கிண்டலடிக்கும் அதே ஆள், சாயங்காலம் கிளம்புமுன் அந்த மென்பொருளைப் பட்டியலில் சேர்த்தான். அவசரத்தில் ஒன்றை மறந்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆட்கள் வரிசையாகக் கணினிகளைப் போட்டார்கள். "வணக்கம். வாசிக்கத் தயார்" என்றது ஒரு கணினி. உடனே பக்கத்தில் இன்னொன்று. பிறகு கூடம் முழுக்க ஒரே பெண் குரல், முன்னும் பின்னுமாக, திரையில் கண்டதையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தது. தானாகப் பேசுவதை நிறுத்தி வைக்கத்தான் மறந்திருக்கிறான். கணக்குப் பிரிவில் ஒருவர் எழுதிவைத்திருந்த விடுப்புக் கடிதம் ஊருக்கே கேட்டது. சிரிப்பு கூரையைப் பிய்த்தது.

மாடிக் கதவு திறந்தது. "யார் பார்த்த வேலை இது?" என்றார் மேலாளர்.

அவன் எழுந்து நின்றான். மூலை மேசையில் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. விரலால் தடவி இயர்போனின் முனையைக் கணினியில் செருகினார். அத்தனை சத்தத்துக்கு நடுவே அவர் கணினியின் குரல் மட்டும் வெளியே கேட்காமல் நின்றுபோனது. நேற்றைய சொட்டு மருந்துத் தாளைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் கண்களை மூடிக்கொண்டார்.