இடப்பக்கம் காலி

என் வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவிய பெண், ஸ்கேன் கருவியை இடது விலாவுக்குக் கீழே வைத்துத் தேடிக்கொண்டே இருந்தாள். மர்கிலான் ஊர்ச் சந்தையில் இறைச்சி பொதிந்த சம்சா சுட்டு விற்கிறவன் நான். விற்றதைவிடத் தின்றது அதிகம். இந்தக் கொழுப்புக்குள் சிறுநீரகம் தேடுவது மலைக்குள் சுரங்கம் தோண்டுகிற வேலைதான் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புரண்டு படுக்கச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தாள்.

நான் கொடுக்க வந்த சிறுநீரகம் என் தங்கை மகள் ஓய்தினுக்கு. நாலு வயதில் அவள் முகம் உப்பியபோது, மாமன் கடைச் சம்சா பிள்ளைக்கு ஒட்டுகிறது என்று தெருவே மெச்சியது. நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். உப்பியது நீர், சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்று டாக்டர் சொன்னபோது மீசை தானாக இறங்கியது. மாத்திரைகளுக்கு நோய் மசியவில்லை. சீக்குப் பிள்ளையை வேறு வீட்டுக்கு விற்றுவிட்டால் சாவு வீடு தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்பார்கள் எங்கள் பக்கம். தங்கை ஸுல்ஹுமார் பிள்ளையை ஜன்னல் வழியாக நீட்ட, ஒரு தட்டுச் சம்சா கொடுத்து நானும் என் மனைவி மஸ்துராவும் வாங்கிக்கொண்டோம். சரக்கு கொஞ்சம் வெளுத்திருக்கிறதே, தட்டில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமா என்று பேரம் வேறு பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். நோய் மட்டும் விற்பனையை மதிக்கவில்லை. இப்போது இயந்திரம்தான் அவள் ரத்தத்தைக் கழுவுகிறது. தங்கைக்குச் சர்க்கரை. அவள் கணவனின் ரத்த வகை சேரவில்லை. மிச்சம் நான்.

பெரிய டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முன்னாடி எங்கயாவது ஆபரேஷன் பண்ணிருக்கீங்களா?"

"பல்லு புடுங்கினதுதான்."

"உங்களுக்குப் பொறக்கும்போதே ஒரு கிட்னிதான். இடப்பக்கம் காலி."

ஜேப்படிக்காரனிடம் பறிகொடுத்தவன் பையைத் தடவுவதுபோல இடுப்பைத் தடவிப் பார்த்தேன். ஒன்றை வைத்துக்கொண்டு நூறு வயதுவரைகூட இருக்கலாம், பயமில்லை, கொடுக்க மட்டும் முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நல்ல சேதிதான்.

வெளியே பெஞ்சில் தங்கையும் ஓய்தினும் மஸ்துராவும் இருந்தார்கள். சொன்னேன். ஸுல்ஹுமார் லேசாகப் புன்னகைத்தாள்.

"அண்ணா, இன்னிக்கி வெளையாடாத."

வாழ்நாள் முழுக்கக் கோமாளியாக இருந்தவனுக்கு அழும் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அவள் புன்னகை கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. அதை எடுத்து வைக்க அவளுக்கு நினைவில்லை. பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

ஓய்தின் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, உனக்கு ஒண்ணே ஒண்ணுதானா? அப்ப அத யாருக்கும் குடுத்துடாத."

மஸ்துரா எழுந்தாள். என்னை ஒரு கதவைப்போலத் தள்ளிவிட்டு உள்ளே டாக்டர் முன்னால் போய் நின்று, தன் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொன்னாள். ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், மாமன் மனைவி என்றால் ஆஸ்பத்திரிக் குழு ஒத்துக்கொள்ளாது என்றார் அவர்.

"நான் இவரோட சித்தப்பா பொண்ணு," என்றாள் மஸ்துரா. "இவரக் கட்டிக்கிட்டது என் தலையெழுத்து. ரத்தம் எங்க தாத்தாவோடது." சித்தப்பா மகளைக் கட்டுவது எங்கள் ஊரில் வழக்கம்தான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுவிடம் கேட்கத்தான் வேண்டும், அதற்குமுன் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அதே தாத்தா ரத்தம்; அவளுக்கும் பிறக்கும்போதே எது இருக்கிறது எது இல்லை என்று இந்தக் குடும்பத்தில் யாரைக் கேட்பது?

மஸ்துராவுக்குப் பின்னால் ஸ்கேன் அறைக் கதவு சாத்திக்கொண்டது. அவள் கழற்றிப்போட்ட பூட்ஸ் இரண்டும் வாசலில் கிடந்தன. ஒன்று நின்றது, மற்றது சாய்ந்திருந்தது. அடியில் ஒட்டியிருந்த பனி உருகி, மெல்லிய கோடாக, ஸுல்ஹுமார் உட்கார்ந்திருந்த பக்கமாக ஓடத் தொடங்கியது. அவள் காலை நகர்த்தவில்லை.