ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு பெயர்

1

இந்தக் கதை எங்கள் சமையலறைச் சன்னலில் இருக்கும் ஊறுகாய்ப் பாட்டிலில் தொடங்கியது. உள்ளே ஊறுகாய் இல்லை. ஈர மண்ணும், பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று என் கணவர் சத்தியம் செய்த கிருமிகளும். கண்ணுக்குத் தெரியாத பாத்திரங்களை வைத்து எழுதுவதில் ஒரு வசதி. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

2

எங்கள் மலையாள ஊரான கழக்கூட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு (வேண்டாம். இங்கே எப்போதுதான் பெய்யவில்லை?)

என் கணவர் பிச்சைக்கனி ஒரு விஞ்ஞானி. (பொய். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவினார். வீட்டில் மட்டும் விஞ்ஞானி.)

போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மணிக்கட்டில் இருந்த பிளாஸ்டிக் பட்டையை வெட்டினார். நர்ஸ் மலையாளத்தில் எழுதிய பெயருக்குப் பக்கத்தில், பேனாவை வாங்கி அவரே தமிழிலும் எழுதிக்கொண்ட பட்டை.

"எட்டி பொன்செல்வி, இத பாட்டில்ல போடு. ஒரே வருசத்துல தின்னு தீத்துரும். பந்தயமா?"

"பந்தயம்தான். உங்க கிருமிக்கும் உங்கள மாதிரி வாய் மட்டுந்தான் இருக்கும்."

சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்துப் போட்டேன்.*

"சோப்பா? விருந்துக்குக் கூப்ட்டு வாயத் தச்சுட்டியேட்டி!"

* மாதாமாதம் வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை வாங்க வரும் பச்சைச் சட்டைப் பெண்கள், கழுவாததைத் தொடமாட்டார்கள். இந்த ஊரில் பால் கவரும் சேலையோடு கொடியில் காயும். கை தானாகச் செய்துவிட்டது.

3

நான்காம் மாதம் அவர்

(ஏழு முறை எழுதிப் பார்த்தேன். செத்துப்போனார் என்பதற்குமேல் அந்த வாக்கியத்தில் ஒன்றும் இல்லை.)

பட்டையைத் தின்றிருந்தால் அவர் ஜெயித்தார். அவர் கையெழுத்து போயிற்று. தின்னாவிட்டால் கையெழுத்து எனக்கு; அவர் தோற்றார். அதுவும் என் சோப்பால்.

4

இன்று கெடு முடிகிறது. (திறப்பதைத் தள்ளிப்போடத்தான் கதை எழுத உட்கார்ந்தேன்.) வாசலில் பச்சைச் சட்டை ரெனி, சாக்கோடு.

"சேச்சி, அந்தக் குப்பியில என்னவாக்கும்?"

"உன் அண்ணன். எங்க வீட்டுக்காரர்."

"கழுவியாச்சா?"

"கழுவினதுதான் பிரச்சினையே."

பந்தயத்தைச் சொன்னேன். ரெனி சாக்கைக் கீழே வைத்தாள்.

"தொறந்து நோக்குங்க சேச்சி. உண்டெங்கில் எனக்குத் தாங்க. இல்லெங்கில் சேட்டன் ஜெயிச்சு."

"இருந்தாலும் உனக்குத் தரமாட்டேன்."

5

முடிவு ஒன்று: பட்டை இருக்கிறது. முடிவு இரண்டு: இல்லை. பாட்டிலை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். திறந்து பார்த்தால் என்னிடம் சொல்லாதீர்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். மூடியைத் திருகி, உள்ளே பார்க்காமல், இன்றைய பால் கவரில் ஒரு மூலையை வெட்டிப் போட்டேன்.

கழுவாமல்.