ஷட்டரில் இரண்டாவது வரி

அக்கா செல்போன் டவர் ஏறுகிறவள். அவள் வீட்டுக்காரரான மாமா அவளை ஜீப்பில் மலை உச்சிவரை கொண்டுபோய் விடுகிறவர். அந்த ஜீப் ஓடும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று பேர் பிழைப்பும் ஒரே மலையில்தான்.

மலையின் கடைசி முக்கால் கிலோமீட்டருக்குப் பாதை கிடையாது. சரளைக்கல் சரிவு மட்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வாய்க்குள்ளிருந்து நீட்டிய நாக்கு மாதிரி இருக்கும், பெயரும் அதுதான். ஒரு பக்கம் பாறைச் சுவர். மறுபக்கம் ஒன்றும் இல்லை.

போன மாதம் பின்னால் நாலு பெரிய பேட்டரி ஏற்றிக்கொண்டு போனபோது, நாக்கின் நடுவில் ஜீப்புக்கு மூச்சு முட்டி இன்ஜின் நின்றுவிட்டது. பிரேக் பிடிக்கப் பிடிக்க வண்டி பின்னால் சறுக்கியது. இடது பின்சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. அக்கா இறங்கி, தன் டேப்பை எடுத்து அளந்தாள். சறுக்கியது பதினோரு மீட்டர். அந்தக் கல்லிலிருந்து விளிம்புக்கு நாலடி. எதையும் அளந்துவிட்டால் அவளுக்குப் பயம் அடங்கிவிடும். மாமாவுக்கு அப்படி அடங்கவில்லை.

மறுவாரம் பட்டறைக்கு வந்தார். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மாப்ள, சூப்பர்சார்ஜர் போட்றலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? மேல போகப் போக காத்து கம்மியாகுது, எருமைக்கு மூச்சு வாங்குது. இது காத்தப் புடிச்சு இன்ஜினுக்குள்ள திணிக்குமாம்." ஜீப்பை அவர் எருமை என்றுதான் சொல்வார். திட்டும்போதும் கொஞ்சும்போதும் அதே பெயர்தான்.

"மாடி ஏற முடியாதவரு வாயில சைக்கிள் பம்ப வெச்சு அடிப்பீங்களா?"

"வாய் மட்டும் இல்லைன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்டா. பயமா இருக்குன்னு ஒத்துக்கோ. ஃபேக்டரில நைட் ஷிஃப்டு தாங்காம பாதியில ஓடி வந்தவன்தான நீ."

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லவில்லை. சொல்லாத பதில் எனக்குள் நெடுநாள் கிடக்கும்.

அக்கா ஒரு ஓரமாக உட்கார்ந்து, இடுப்பில் கட்டும் பெல்ட்டின் தையலை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள். "டேய், இத அளந்து பாக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். கம்ப்ரஷன் பாக்கணும். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தத்தப் புடிச்சு வெக்குதுன்னு கேஜ் காட்டும்."

"எவ்வளவு இருந்தா போடலாம்?"

அதற்கு மாமா நகரத்தில் இருக்கும் விசில்காரரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். அந்த ஆள் மாட்டுகிற சூப்பர்சார்ஜர் எல்லாம் விசிலடிக்கும் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "நாலு சிலிண்டரும் நூத்தி நாப்பதுக்கு மேல காட்டணும். ஒண்ணு கொறஞ்சாலும் என் பக்கமே வராதீங்க. தேஞ்ச பிஸ்டன் மேல இத ஏத்தினா பிஸ்டன் ஒடையும். வீட்டு வாசல்ல ஒடையாது சார். மலை மேலதான் ஒடையும்."

அக்கா பெல்ட்டைக் கீழே வைத்தாள். "நாலும் நூத்தி நாப்பதுக்கு மேல இருந்தா போடறோம். இல்லைன்னா இன்ஜினப் பிரிச்சு சரி பண்றோம். அதுவரைக்கும் நான் மேல போகல. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"சம்மதம்," என்றார் மாமா.

நானும் தலையாட்டினேன்.

எங்கள் பட்டறை கல் உடைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில். நாளெல்லாம் மாவு மாதிரி தூசி பறக்கும். அதனால் இன்ஜினைத் திறந்தால் ஷட்டரை முழுக்க இறக்கிவிடுவோம். பேப்பரில் எழுதினால் கிரீஸ் கையில் நாசமாகும் என்று, ஷட்டரின் உள்பக்கத் தகட்டிலேயே சாக்பீஸால் எழுதுவோம். கம்ப்ரஷன் என்றால் இரண்டு வரி. மேல்வரி காய்ந்த நிலையில் எடுத்தது. கீழ்வரி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி எடுத்தது. எது எந்த வரி என்று தலைப்புப் போடமாட்டோம். எனக்குத் தெரியும், வெல்டருக்குத் தெரியும். பட்டறையில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

அடுத்த நாள் காலையில் எருமையின் பிளக்குகளைக் கழற்றி அளந்தேன். காய்ந்த நிலையில் முதல் மூன்றும் நூற்றைம்பதை ஒட்டி வந்தன. நாலாவது தொண்ணூற்றாறு. கேஜைத் தட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். தொண்ணூற்றாறுதான்.

பிறகு ஆயில் ஊற்றினேன். 164, 160, 163, 146. நாலாவது ஒரே தாவலில் மேலே வந்துவிட்டது. அப்படி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஊற்றிய ஆயில் இடைவெளியை ஒரு நிமிஷம் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செத்தவன் முகத்துக்குப் பவுடர் பூசின மாதிரி.

பிளக்குகளை மாட்டி முடித்தபோது மாமா போன் செய்தார்.

"என்னாச்சு மாப்ள?"

தொண்ணூற்றாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபேக்டரியை விட்டு ஓடி வந்தவன் என்ற பேச்சு இன்னும் எனக்குள் கிடந்தது. அவர் இங்கே வந்து, தன் கண்ணால் அந்த எண்ணைப் பார்த்து, முகம் தொங்கிப்போக வேண்டும் என்று இருந்தது.

"ஷட்டர்ல எழுதியிருக்கேன். நீங்களே வந்து பாத்துக்கோங்க. வண்டியையும் எடுத்துட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது எருமை இல்லை. வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"மாமா வந்தாரா?"

"வந்தாரு. இதுதான் நம்பரான்னு கேட்டாரு. ஆமான்னேன். போட்டோ எடுத்தாரு. சத்தமே இல்லாம போயிட்டாரு."

சத்தமே இல்லாமல் என்பதைக் கேட்டு எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஷட்டரை இறக்கி, துணியை எடுத்துத் துடைத்தேன்.

பத்து நாள் அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. தோற்ற மனுஷன் ஆறட்டும் என்று விட்டேன். எருமை எங்கே நிற்கிறது என்றுகூட விசாரிக்கவில்லை. இன்ஜினைப் பிரிக்க எப்படியும் என்னிடம்தானே வந்தாக வேண்டும்.

பதினோராம் நாள் மலை மேல் டவர் படுத்துவிட்டது. ஊரில் பாதி பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பட்டறைப் பக்கம் வேறு டவர் என்பதால் எனக்குச் சிக்னல் இருந்தது. மதியம் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், இன்னும் கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

"தோத்துட்டன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கியாம். உங்க மாமாதான் சொன்னாரு. கொஞ்ச நாள் விடு, தானா வருவான்னாரு. சரி, டவர் போச்சு, மேல போறோம். கடைசி வளைவுல இருக்கேன். இதுக்கு மேல சிக்னல் கெடைக்காது, அதான் கூப்ட்டேன்."

அவள் பேச்சுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு விசில் ஏறி இறங்கியது.

"அது என்ன சத்தம்?"

"விசில்காரரு மாட்டினதுதான். காது வலிக்குது போ."

"யாரு மாட்டச் சொன்னா?"

"உன் நம்பர்தாண்டா சொல்லுச்சு! நானே போட்டோ பாத்தேன். நூத்தி அறுபத்தி நாலு, நூத்தி அறுபது, நூத்தி அறுபத்தி மூணு, நூத்தி நாப்பத்தி ஆறு. நாலும் மேலதான?"

"அக்கா, அது ஆயில் ஊத்தி..."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

திரும்பி ஷட்டரைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். வெல்டர் வழக்கம்போல புகை போகப் பாதி தூக்கிவிட்டிருந்தான். காலையில் வேறொரு காருக்கு நான் எழுதிய இரண்டு வரிகளில் மேல்வரி உருளைக்குள் சுருண்டு போயிருந்தது. கீழ்வரி மட்டும் நிலைக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது.

"அன்னிக்கு அவரு வந்தப்ப ஷட்டர் எப்படி இருந்துச்சு?"

வெல்டர் யோசிக்கக்கூட இல்லை. "இப்படித்தான். சாப்பாட்டு நேரமாச்சே."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். நாக்கின் அடிவாரம் வரை நாற்பது நிமிஷம். நான் போய்ச் சேர்ந்தபோது சரளையில் புது டயர்த் தடம் நேராக மேலே ஏறியிருந்தது. எங்கேயும் சறுக்கிய அடையாளம் இல்லை. வண்டி கண்ணில் படவில்லை. விளிம்புக்குப் போய்க் கீழேயும் எட்டிப் பார்த்தேன். அங்கும் இல்லை. ஏறிவிட்டிருக்கிறார்கள்.

என் போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. அங்கே சிக்னல் தர வேண்டியதே அக்கா சரிசெய்யப் போன டவர்தான். அவள் வேலையை முடித்தால்தான் நான் அவளிடம் பேச முடியும். நடந்து ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவழியில் வண்டி இறங்கினால் ஒதுங்கவும் இடம் சரியாகக் கிடையாது. போனைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

மூன்றே கால் மணிக்கு இரண்டு கோடு வந்தது. உடனே போட்டேன்.

"பாத்தியா, டவருக்கு உசுரு குடுத்துட்டேன்," என்றாள் அக்கா. "எருமை சும்மா பறந்துச்சுடா இன்னிக்கு."

"அக்கா, நீ பாத்த நம்பர் ஆயில் ஊத்தி எடுத்தது. நெஜ நம்பர் அதுக்கு மேல்வரில இருந்துச்சு. ஷட்டர் தூக்கியிருந்ததால அவரு கண்ணுல படல. நாலாவது சிலிண்டர் தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்தாறா?"

"ஆமா. ஏறும்போது ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"கடைசியில... டம்ளர ஸ்பூனால தட்டற மாதிரி. விசில ஓட்டற புது பெல்ட்டு, பழகிடும்னாரு உங்க மாமா."

"அது பெல்ட்டு இல்ல. பிஸ்டன். நீ வண்டில ஏறாத, நடந்து எறங்கு. போன அவர்கிட்ட குடு."

மாமா சிரித்துக்கொண்டே வாங்கினார். "என்ன மாப்ள, பாராட்டக் கூப்ட்டியா?"

"மாமா, தப்பு என்னோடது. நம்பர போன்லயே சொல்லியிருக்கணும். திமிரு புடிச்சு சொல்லல. என்ன நாலு அறை அறைங்க, ஆனா கீழ நடந்து வந்து அறைங்க. வண்டி அங்கேயே நிக்கட்டும்."

பக்கத்தில் அக்கா தொண்ணூற்றாறு என்று சொல்வது கேட்டது. அவர் சிரிப்பு நின்றது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"ஏத்தமே ஏறிடுச்சு. எறக்கத்துக்கு என்னடா பலம் வேணும்?"

"எறக்கத்துல இன்ஜின்தான் வண்டியப் பிடிச்சு நிறுத்துது. அது செத்தா பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். போன மாசம் பாத்தீங்கல்ல?"

அந்தப் போன மாதத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"உங்கக்கா நடந்து வரட்டும்," என்றார். "நான் மெதுவா எறக்கிக்கறேன். இங்க விட்டுட்டு வந்தா நாளைக்கு எவன் வந்து எடுப்பான், நீயா?"

"நான் எடுக்கறேன் மாமா."

"நீயா?" என்றார் மறுபடி. வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நாக்கின் உச்சியில் அக்காவின் ஆரஞ்சு சட்டை தெரிந்தது. பாறைச் சுவரை ஒட்டி இறங்கினாள். பத்தடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்து, மேலே கையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டம். அவள் கால்வாசி தூரம் வந்திருப்பாள், மேலே விசில் கிளம்பியது.

எருமையின் மூக்கு உச்சியில் எட்டிப் பார்த்தது. முன்சக்கரம் சரளையில் இறங்கியது. முதல் கியர்தான், அதில் அவர் தப்பு பண்ணவில்லை. காற்று விழுந்திருந்ததால் விசிலுக்குள்ளே அந்த ஸ்பூன் சத்தமும் எனக்குக் கேட்டது. முதலில் விட்டு விட்டு. பிறகு விடாமல்.

அக்கா பாறையில் முதுகை ஒட்டி நின்றாள். கை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் சக்கரத்தைப் பிடித்த கல்லை நான் தேடினேன். அது நாக்கின் நடுவில், வண்டிக்கு ரொம்பக் கீழே, ஓரமாகக் கிடந்தது.

விசில் நின்றது. வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது.